கிரிமோ தெ லா ரெனியேர்

அலெக்சாந்தர் பல்தசார் லோரான் கிரிமோ தெ லா ரெனியேர் (நவம்பர் 20, 1758 – டிசம்பர் 25, 1837) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர், நாடக விமர்சகர், எழுத்தாளர் ஆவார். உணவகங்களையும் உணவுக் கடைகளையும் நேரில் கண்டு, சுவைத்து, அவற்றின் தரம் குறித்துப் பொதுமக்களுக்காக அச்சில் எழுதிய முதல் விமர்சகராக இவர் பரவலாகக் கருதப்படுகிறார். 1803 முதல் 1812 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த "அல்மனாக் தே கூர்மான்" (சுவைஞர் பஞ்சாங்கம்) இவரது முதன்மைப் படைப்பாகும். வணிகர்கள் அனுப்பிய உணவுப் பொருட்களைச் சுவைத்துத் தீர்ப்பு வழங்குவதற்காக ஒரு நடுவர் குழுவையும் இவர் அமைத்தார்.

இன்றைய உணவக வழிகாட்டிகள், நாளிதழ்களின் உணவு விமர்சனங்கள் ஆகியவற்றின் மூலவடிவம் இவரது எழுத்தில் காணப்படுகிறது. விமர்சகரின் நடுநிலை, விமர்சகருக்கும் வணிகருக்கும் இடையிலான உறவு ஆகியவை குறித்து இன்றும் எழும் கேள்விகள் முதன்முதலாக எழுந்ததும் இவரைச் சுற்றியே ஆகும்.

குடும்பப் பின்னணி

கிரிமோவின் குடும்பம் பிரான்சின் பெருஞ்செல்வக் குடும்பங்களுள் ஒன்று. இவரது தந்தை லோரான் கிரிமோ தெ லா ரெனியேரும் பாட்டனார் காஸ்பார் கிரிமோவும் வரிக்குத்தகையாளர்களாக இருந்தவர்கள். புரட்சிக்கு முந்தைய பிரான்சில் உப்பு, புகையிலை முதலியவற்றின் மீதான வரியை வசூலிக்கும் உரிமையை அரசு ஒரு குழுவினருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. குத்தகைத் தொகையை அரசுக்குச் செலுத்திய பின் எஞ்சியவை அக்குழுவினரைச் சேர்ந்தன. இதனால் அவர்கள் பெருஞ்செல்வர்களானதோடு மக்களின் கடும் வெறுப்புக்கும் ஆளாயினர்.

தாயார் சூசான் தெ ஜாரெந்த் பழைய உயர்குடியில் பிறந்தவர். அக்குடும்பத்தில் ஓர்லியான் நகரின் ஆயரும் ஒருவர். தம் உயர்குடிப் பிறப்பில் பெருமிதம் கொண்ட அவர், கணவரின் குடும்பத்தைத் தம்மிலும் தாழ்ந்ததாகக் கருதினார். பிற்காலத்தில் பதினாறாம் லூயி மன்னருக்காக வழக்காடிய மால்செர்ப், கிரிமோவின் அத்தையை மணந்தவர் ஆவார்.

பாரிசின் ஷான்செலிசே பகுதியில் தந்தை கட்டிய மாளிகை அக்காலத்தின் புகழ்பெற்ற கட்டடங்களுள் ஒன்று. அம்மாளிகை பின்னர் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 1930களில் அமெரிக்கத் தூதரகக் கட்டடம் எழுப்பப்பட்டது.

பிறப்பும் இளமையும்

கிரிமோ இரு கைகளிலும் குறைபாட்டுடன் பிறந்தார். விரல்கள் முறையாக உருவாகாமல், ஒரு கை பறவையின் நகத்தைப் போலவும் மற்றது கவடு போலவும் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. இக்குறையைப் பெற்றோர் அவமானமாகக் கருதினர். குழந்தை பன்றிக் கொட்டிலில் விழுந்ததாகவும் பன்றிகள் விரல்களைத் தின்றுவிட்டதாகவும் ஒரு கதையைப் பரப்பினர் என்று இவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கைவினைஞர் ஒருவர் இவருக்குச் செயற்கை விரல்களைச் செய்து கொடுத்தார். அவற்றின் மேல் வெள்ளைக் கையுறை அணிந்துகொண்டு, கிரிமோ எழுதவும் வரையவும் இறைச்சியைத் துண்டமிடவும் கற்றுக்கொண்டார். விருந்து மேசையில் இறைச்சியை முறையாக அரிந்து பரிமாறுவது விருந்தளிப்பவருக்கு இன்றியமையாத கலை என்று பிற்காலத்தில் இவர் நீண்ட நூற்பகுதி ஒன்றை எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

பெற்றோரின் புறக்கணிப்பு இவரது இயல்பில் ஆழ்ந்த தடம் பதித்தது. தந்தையின் செல்வத்தை அனுபவித்தபடியே, அச்செல்வம் வந்த வழியை வெளிப்படையாக எள்ளி நகையாடுவது இவரது வழக்கமாயிற்று.

கல்வியும் வழக்கறிஞர் பணியும்

பாரிசின் லூயி-ல-கிரான் கல்லூரியில் கல்வி பயின்ற கிரிமோ, பின்னர் சட்டம் படித்து வழக்கறிஞரானார். இவரைப் போன்ற செல்வக் குடும்பத்தினர் நீதிபதிப் பதவியை விலைக்கு வாங்குவது அக்காலத்தில் இயல்பு. அதனை இவர் விரும்பவில்லை. ஏழைகளின் வழக்குகளை ஊதியமின்றி நடத்தினார்.

இவரது பெரும் ஈடுபாடு நாடகத்தில் இருந்தது. இருபது வயதுக்கு முன்பே நாடக இதழ் ஒன்றில் விமர்சனம் எழுதத் தொடங்கினார். ஒரே நாடகத்தைப் பல இரவுகள் பார்ப்பது, நடிகர் இன்று நன்றாகவும் நாளை குறைவாகவும் நடிப்பதைக் குறித்து வைப்பது, பார்வையாளரின் சார்பில் தீர்ப்புக் கூறுவது ஆகிய பழக்கங்கள் இவ்வாறு இவருக்கு அமைந்தன. இதே பழக்கங்களைப் பின்னாளில் சமையலுக்கும் பயன்படுத்தினார்.

1783ஆம் ஆண்டின் விருந்து

பெப்ரவரி 1, 1783 அன்று தந்தையின் மாளிகையில் கிரிமோ அளித்த இரவு விருந்து இவரைப் பாரிஸ் முழுவதும் அறியச் செய்தது. அழைப்பிதழ்கள் இறப்பு அறிவிப்பின் வடிவில் அச்சிடப்பட்டிருந்தன. வாயிலில் வந்தவர்களிடம், அவர்கள் மக்களை வருத்தும் மூத்த ரெனியேரைக் காண வந்தார்களா, மக்களைக் காக்கும் இளைய ரெனியேரைக் காண வந்தார்களா என்று கேட்கப்பட்டதாகக் கூறுவர். மேசையின் நடுவே சவப்பெட்டி மேடையைப் போன்ற அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. உணவு வகைகளில் ஒரு சுற்று முழுவதும் பன்றி இறைச்சியாக இருந்தது. அவ்விறைச்சியைக் கொடுத்தவர் பன்றிக் கறி விற்கும் தம் உறவினர் என்று கிரிமோ விருந்தினரிடம் அறிவித்தார். தம் குடும்பத்தின் எளிய மூலத்தை நினைவூட்டிப் பெற்றோரை நாணச் செய்வதே இதன் நோக்கம்.

விருந்தினர் உண்பதைக் காணும் பொருட்டு மாடத்தில் ஏறத்தாழ முந்நூறு பார்வையாளர்கள் அனுமதிக்கப்பட்டனர். உண்பது நாடகத்தைப் போல் பலர் முன் நிகழ்த்தப்பட்டு மதிப்பிடப்படக் கூடியது என்னும் எண்ணம் இங்கேயே தென்படுகிறது. நூறாண்டுகளுக்குப் பின், 1884இல் வெளிவந்த உய்ஸ்மான்சின் "ஆ ரெபூர்" புதினத்தில் இடம்பெறும் கறுப்பு விருந்துக்கு இந்நிகழ்வே முன்மாதிரி என்பர்.

இதே காலத்தில் வாரம் இருமுறை இவர் காலையுணவுக் கூட்டங்களை நடத்தினார். அவற்றில் எழுத்தாளர்களான ரெஸ்திஃப் தெ லா பிரெத்தோன், மெர்சியே, பொமார்ஷே முதலியோர் கலந்துகொண்டனர். ஒவ்வொருவரும் பதினேழு கோப்பை காப்பி அருந்த வேண்டும் என்ற விதி இருந்ததாகக் கூறப்படுகிறது.

மடத்தில் தடுப்புக்காவல்

1786இல் ஒரு வழக்கு தொடர்பாகக் கிரிமோ அச்சிட்டு வெளியிட்ட மனு, கவிஞர் ஒருவரை இழிவுபடுத்துவதாகக் கருதப்பட்டது. வழக்கறிஞர் சங்கம் இவர் மீது நடவடிக்கை எடுக்க முற்பட்டது. மகனின் செயல்களால் ஏற்கெனவே சலிப்புற்றிருந்த குடும்பத்தினர், மன்னரின் முத்திரையிட்ட ஆணையைப் பெற்று, விசாரணை இன்றியே இவரைப் பாரிசை விட்டு அகற்றினர். லொரேன் பகுதியில் நான்சி நகருக்கு அருகேயுள்ள தொமேவர் மடத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இவர் வைக்கப்பட்டார்.

இத்தண்டனை எதிர்பாராத பயனைத் தந்தது. மடத்தின் தலைவர் நல்லுணவில் நாட்டம் கொண்டவர். அவரது மேசையில் அமர்ந்தே பொருட்களின் பருவம், பக்குவம், பரிமாறும் ஒழுங்கு ஆகியவற்றைக் கிரிமோ கற்றார்.

லியோன் நகரில் வணிகம்

விடுதலைக்குப் பின்னும் பாரிஸ் திரும்ப இவருக்கு இசைவு கிடைக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் சில காலம் சுற்றிய பின் லியோன் நகரில் தங்கி, மளிகைப் பொருட்கள், நறுமணப் பொருட்கள், துணி முதலியவற்றை விற்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். உயர்குடியினர் கடை வைத்து விற்பதை இழிவாகக் கருதிய காலம் அது. கிரிமோவோ வணிகத்தை நேர்மையான தொழிலாகப் போற்றினார். பொருளின் தரத்தையும் விலையையும் எடைபோடும் வணிக அறிவு பிற்காலத்தில் இவரது விமர்சனத்திற்குத் துணைநின்றது. பிற்காலத்தில் இவர் மணந்துகொண்ட நடிகை அதெலாயித் ஃபெஷேருடன் இவருக்குத் தொடர்பு ஏற்பட்டதும் லியோனிலேயே ஆகும்.

புரட்சியும் பாரிஸ் திரும்பலும்

1789இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியின்போது கிரிமோ தலைநகரில் இல்லை. 1793 டிசம்பரில் தந்தை இறந்தார். 1794 தொடக்கத்தில் கிரிமோ பாரிஸ் திரும்பினார். அதே ஆண்டில் மால்செர்ப் கொல்லப்பட்டார். வேதியியலாளர் லவாசியே உட்பட வரிக்குத்தகையாளர் பலர் மே 8 அன்று கில்லட்டினில் தலை வெட்டப்பட்டு இறந்தனர். கிரிமோவின் குடும்பம் பெரும் பகுதி செல்வத்தை இழந்தது. எனினும் மாளிகை பின்னர் குடும்பத்தின் கைக்குத் திரும்பியது.

எழுதிப் பிழைக்க வேண்டிய நிலையில், 1797இல் "லெ சான்செர் திராமத்தீக்" என்னும் நாடக விமர்சன இதழைத் தொடங்கினார். பழைய ஆட்சியின் மீது சாய்வுடையதாகக் கருதப்பட்ட அவ்விதழை அரசு 1798இல் தடைசெய்தது. 1800 ஜனவரியில் நெப்போலியனின் அரசு பாரிசில் வெளிவந்த 73 அரசியல் இதழ்களுள் 60ஐ நிறுத்தியது. வெளிப்படையாகக் கருத்துக் கூறும் களம் இவ்வாறு சுருங்கிய சூழலில், தடையின்றித் தீர்ப்புக் கூறத்தக்க ஒரு துறையாக உணவு எஞ்சியது.

உணவகங்களின் வளர்ச்சி

பாரிசில் உணவகங்கள் புரட்சிக்கு முன்பே தோன்றிவிட்டன. 1760களில் உடல்நலிவுற்றோருக்கு வலுவூட்டும் இறைச்சிச் சாறு விற்ற கடைகளே முதலில் "ரெஸ்தோரான்" எனப்பட்டன. வலுவூட்டுவது என்பதே அச்சொல்லின் பொருள். தனி மேசை, உணவு வகைகளும் விலையும் எழுதிய பட்டியல், விரும்பிய நேரத்தில் உணவு ஆகியவை இக்கடைகளின் சிறப்பு. பழைய சத்திரங்களில் குறித்த நேரத்தில் பொது மேசையில் அமர்ந்து, வைத்ததை உண்ண வேண்டியிருந்தது.

1791இல் தொழிற்குழுக்களின் தனியுரிமைகள் ஒழிக்கப்பட்டதால், யாரும் எவ்வகை உணவையும் சமைத்து விற்க வழி பிறந்தது. நாட்டை விட்டு ஓடிய பிரபுக்களின் சமையற்காரர்கள் சிலர் சொந்தமாக உணவகம் தொடங்கினர். பொவிலியே, மெயோ, வெரி, புரொவான்சால் சகோதரர்கள், ரொஷே தெ கான்கால் முதலிய உணவகங்கள் புகழ்பெற்றன.

இதே காலத்தில் புதிதாகச் செல்வம் பெற்றவர்கள் பெருகினர். அவர்களிடம் பணம் இருந்தது. எங்கே உண்பது, எதை வாங்குவது, எப்படி விருந்தளிப்பது என்ற மரபறிவு இல்லை. பிரபுக்களின் வீடுகளுக்குள் அடங்கியிருந்த அறிவு இப்போது காசு கொடுப்பவர் யாவருக்கும் தேவைப்பட்டது. அந்தத் தேவையைக் கண்டறிந்ததே கிரிமோவின் முதன்மையான சாதனை.

சுவைஞர் பஞ்சாங்கம்

"அல்மனாக் தே கூர்மான்" நூலின் முதல் தொகுதி 1803இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. கையடக்க அளவிலான அச்சிறு நூல் உடனே விற்றுத் தீர்ந்து மறுபதிப்புக் கண்டது. 1804 முதல் 1808 வரை ஆண்டுக்கு ஒன்றாகவும், பின்னர் 1810, 1812 ஆகிய ஆண்டுகளிலும் தொடர்ந்து தொகுதிகள் வந்தன. முதல் தொகுதியின் முகப்புப் படத்தில், ஒரு சுவைஞரின் நூலகத்து அலமாரிகளில் நூல்களுக்குப் பதிலாக உணவுப் பொருட்கள் அடுக்கப்பட்டிருந்தன.

இந்நூலில் இரு பகுதிகள் சிறப்பானவை. ஒன்று, மாதவாரியான உணவு நாட்காட்டி. எந்த மாதத்தில் எந்த இறைச்சி, மீன், காய்கறி சிறந்த பக்குவத்தில் கிடைக்கும் என்பதை அது விளக்கியது. மற்றொன்று, பாரிஸ் நகரைத் தெருத் தெருவாகச் சுற்றிவரும் உணவு உலா. உணவகங்கள், அப்பக் கடைகள், இனிப்புக் கடைகள், மதுக் கடைகள், இறைச்சிக் கடைகள் ஆகியவற்றின் பெயர்களைக் கூறி, எது எங்கே நன்றாக இருக்கும், எங்கே தரம் குறைந்துவிட்டது என்று இப்பகுதி எடுத்துரைத்தது.

ஆண்டுதோறும் புதிய தொகுதி வெளியிட்டது வணிக உத்தி மட்டுமன்று. உணவகத்தின் தரம் நிலையானதன்று. சமையற்காரர் மாறினால் சுவையும் மாறும். எனவே முன்னர்ப் புகழ்ந்த கடையை மீண்டும் சென்று சோதிக்க வேண்டும் என்பது கிரிமோவின் கொள்கை. நாடக விமர்சனத்திலிருந்து வந்த இந்நெறி இன்றைய வழிகாட்டி நூல்களின் அடிப்படையாக உள்ளது.

புதிய முயற்சிகளையும் இந்நூல் கவனித்தது. காய்கறிகளைப் புட்டியில் அடைத்துச் சூடாக்கிக் கெடாமல் காக்கும் முறையை உருவாக்கிய நிக்கொலா அப்பேரின் பட்டாணியைக் கிரிமோ பாராட்டி எழுதினார். அப்பேருக்கு அரசு 12,000 பிராங்க் பரிசளித்ததும், அவரது முறை நூலாக வெளிவந்ததும் சில ஆண்டுகள் கழித்து 1810இல் தான்.

நூலில் நகைச்சுவைக்கும் குறைவில்லை. 1807ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்ற இணையற்ற வறுவல் என்னும் செய்முறையில், சிறு பறவை ஒன்றைச் சற்றுப் பெரிய பறவைக்குள்ளும், அதனை அதனினும் பெரியதற்குள்ளும் வைத்து, இறுதியாகக் கானமயிலுக்குள் அடைக்க வேண்டும். மொத்தம் பதினேழு பறவைகள் இதற்குத் தேவை.

"கூர்மான்" என்ற சொல்லின் பொருளை மாற்றியதும் இந்நூலே. அதுவரை அச்சொல் பெருந்தீனிக்காரனைக் குறித்தது. கத்தோலிக்க மரபில் பெருந்தீனி ஏழு கொடும்பாவங்களுள் ஒன்று. நல்லது எது, தீயது எது என்று நாவால் பகுத்தறிபவனே கூர்மான் என்று கிரிமோ வலியுறுத்தினார். அளவு மீறி உண்பவனை அவர் சுவைஞனாக ஏற்கவில்லை.

சுவை நடுவர் குழு

பஞ்சாங்கம் புகழ்பெற்றதும், வணிகர்கள் தங்கள் பொருட்களைப் பற்றி எழுதுமாறு மாதிரிகளை அனுப்பத் தொடங்கினர். இவற்றை மதிப்பிடக் கிரிமோ "ஷூரி தெகுஸ்தாத்தர்" எனப்பட்ட சுவை நடுவர் குழுவை அமைத்தார். செவ்வாய்க்கிழமைகளில் மாலையில் தொடங்கும் அமர்வு பல மணி நேரம் நீடிக்கும். ஒவ்வொரு பொருளும் தனித்தனியே சுவைக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு, வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்யப்பட்டது. முடிவுகள் நீதிமன்ற நடைமுறையைப் போலக் குறிப்பேட்டில் பதிவு செய்யப்பட்டன. வழக்கறிஞராக இருந்தவரின் பழக்கம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

குழுவின் தலைவராக மருத்துவர் கஸ்தால்தி இருந்தார். நடிகை மெசரே போன்ற பெண்களும் சில அமர்வுகளில் இடம்பெற்றனர். குழு கிரிமோவின் இல்லத்திலும், பின்னர் மோந்தொர்கேய் தெருவிலிருந்த ரொஷே தெ கான்கால் உணவகத்திலும் கூடியது. 1812 வரை நானூறுக்கும் மேற்பட்ட அமர்வுகள் நடந்ததாகப் பஞ்சாங்கம் கணக்கிட்டுள்ளது.

குற்றச்சாட்டுகள்

நடுவர் குழுவின் புகழோடு அதன் மீதான ஐயமும் வளர்ந்தது. பொருட்களைப் போக்குவரத்துக் கட்டணம் செலுத்தித் தம் முகவரிக்கு அனுப்புமாறு கிரிமோ நூலிலேயே அறிவித்திருந்தார். அனுப்பியவர்களின் பெயர்கள் நூலில் இடம்பெற்றன. அனுப்பாதவர்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. எனவே நடுவர் குழு என்பது இலவசமாக உண்பதற்கான ஏற்பாடே என்று எதிர்ப்பாளர்கள் எள்ளினர். தீர்ப்பால் பாதிக்கப்பட்ட வணிகர்கள் சிலர் வழக்குத் தொடுப்பதாக மிரட்டினர்.

கிரிமோவின் நிலைப்பாடு வேறாக இருந்தது. ஒரு பொருளைச் சுவைக்காமல் தீர்ப்புக் கூற முடியாது. ஆயிரக்கணக்கான பொருட்களைச் சொந்தச் செலவில் வாங்கிச் சுவைக்கவும் இயலாது. பலர் கூடி வாக்களிப்பதால் ஒருவரின் சாய்வு முடிவைக் கெடுக்காது என்று அவர் கருதினார். தரம் குறைந்தவற்றைக் குறைகூறவும் அவர் தயங்கவில்லை. ஆயினும் விமர்சகரின் உணவுக்கு யார் பணம் கொடுப்பது என்ற அடிப்படைக் கேள்விக்கு அவரது அமைப்பில் விடை இல்லை. வழக்கு மிரட்டல்களும் இச்சலசலப்புகளும் சேர்ந்தே 1812இல் பஞ்சாங்கம் நின்றதற்குக் காரணம் எனக் கூறப்படுகிறது.

விருந்தளிப்போர் கையேடு

1808இல் "மனுவேல் தே ஆம்ஃபித்ரியோன்" (விருந்தளிப்போர் கையேடு) வெளிவந்தது. மொலியேரின் ஒரு நாடகத்தில் வரும் பாத்திரத்தின் பெயரால், பிரெஞ்சு மொழியில் விருந்தளிப்பவரை ஆம்ஃபித்ரியோன் என்று அழைப்பர். இறைச்சியை அரியும் கலை, பருவத்திற்கேற்ற உணவுப் பட்டியல்கள், விருந்து மேசை ஒழுக்கம் ஆகிய மூன்று பகுதிகள் இதில் உள்ளன. விருந்தளிப்பவருக்கு மட்டுமன்றி விருந்தினருக்கும் கடமைகள் உண்டு என்பது நூலின் கருத்து. அழைப்பை ஏற்றால் தவறாமல் குறித்த நேரத்தில் வர வேண்டும். விருந்துக்குப் பின் சில நாட்களில் நன்றி கூறச் செல்ல வேண்டும் என அது வகுக்கிறது. புரட்சிக்குப் பின் தலைகீழாக மாறிய சமுதாயத்தில், ஒரே மேசையில் அமரும் பழையவர்க்கும் புதியவர்க்கும் பொதுவான விதிகளை வகுக்கும் முயற்சியாக இந்நூலைக் காணலாம்.

இறுதிக் காலம்

பாரிசை விட்டு நீங்கும் முன் கிரிமோ நடத்திய ஒரு நிகழ்வு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. தாம் இறந்துவிட்டதாக அறிவித்து, இறுதிச் சடங்கு நேரத்தை உணவு வேளையில் குறித்து நண்பர்களுக்கு ஓலை அனுப்பினார். உணவைத் துறந்து துக்கம் கேட்க வந்த சிலரை, கதவு திறந்ததும் விருந்து மேசையின் தலைமையிடத்தில் உயிரோடு அமர்ந்திருந்த கிரிமோ வரவேற்றார். உண்மையான நண்பர்கள் யார் என்று அறிவதே இதன் நோக்கமாம்.

பின்னர் பாரிசுக்குத் தெற்கேயுள்ள வில்லியே-சூர்-ஓர்ஜ் என்னும் ஊரில் ஒரு பழைய மாளிகையில் குடியேறினார். 17ஆம் நூற்றாண்டில் நஞ்சிட்டுக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற பிரென்வில்லியே சீமாட்டிக்கு அம்மாளிகை உரியதாக இருந்தது என்பர். ஏறத்தாழ கால் நூற்றாண்டு அங்கு ஒதுங்கி வாழ்ந்த கிரிமோ, நெப்போலியனின் அரண்மனை அதிகாரியாக இருந்த குயூசி பிரபு முதலிய நண்பர்களுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1837ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில், தமது 79ஆம் வயதில் காலமானார். அப்போது பாரிஸ் மக்களில் பலர் அவரை மறந்துவிட்டிருந்தனர்.

பிரியா-சவரேனுடன் ஒப்பீடு

கிரிமோவின் புகழ் மங்கியதற்கு ஒரு காரணம், நீதிபதி பிரியா-சவரேன் 1825 டிசம்பரில் வெளியிட்ட "சுவையின் உடலியங்கியல்" என்னும் நூல் ஆகும். அந்நூலைப் படித்த கிரிமோ, அதனைத் தம் பஞ்சாங்கத்திலும் உயர்ந்ததெனக் கடிதத்தில் மனமாரப் பாராட்டினார்.

இருவரின் நோக்கமும் வேறு. பிரியா-சவரேன் சுவை, பசி, செரிமானம், விருந்து ஆகியவை பற்றிப் பொதுவாகச் சிந்தித்தார். கிரிமோ இந்தத் தெருவில் இந்தக் கடையின் இந்த அப்பம் எப்படி இருக்கிறது என்று எழுதினார். முன்னவரின் எழுத்து காலம் கடந்தும் படிக்கப்படுகிறது. பின்னவரின் எழுத்து, அக்கடைகள் மறைந்ததும் பயனிழந்தது. எனினும் அவர் உருவாக்கிய எழுத்துவகை நிலைத்தது. அன்றைய பாரிசின் உணவு வாழ்வை ஆராயும் வரலாற்றாய்வாளர்களுக்கு அவரது பஞ்சாங்கம் முதன்மைச் சான்றாகவும் விளங்குகிறது.

தாக்கம்

கிரிமோவின் பஞ்சாங்கம் பிற நாடுகளிலும் பின்பற்றப்பட்டது. 1815இல் ரால்ஃப் ரைலன்ஸ் இலண்டன் நகரின் உணவகங்களைப் பற்றி "எபிக்யூர்ஸ் அல்மனாக்" என்னும் வழிகாட்டியை வெளியிட்டார். 1810இல் சேக் தீன் முகமது என்ற இந்தியர் இலண்டனில் தொடங்கிய, அந்நகரின் முதல் இந்திய உணவகமாகக் கருதப்படும் இந்துஸ்தானி காப்பி இல்லமும் அதில் இடம்பெற்றது.

20ஆம் நூற்றாண்டில் இவ்வெழுத்துவகை இரு வழிகளில் வளர்ந்தது. 1900இல் முதலில் வெளிவந்த மிச்லின் வழிகாட்டி, 1926 முதல் உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. அதன் ஆய்வாளர்கள் தம்மை வெளிக்காட்டாமல் சென்று, பணம் செலுத்தி உண்பவர்கள். நாளிதழ்த் துறையில், 1957இல் நியூயார்க் டைம்ஸ் இதழின் உணவுப் பகுதி ஆசிரியரான கிரெய்க் கிளெய்போர்ன், விமர்சகர் ஒரே உணவகத்துக்குப் பலமுறை செல்ல வேண்டும், பெயரை மறைக்க வேண்டும், செலவை இதழே ஏற்க வேண்டும் என்ற நடைமுறையை நிலைநாட்டினார்.

இவ்விரு வழிகளிலும் கிரிமோவின் நெறிகள் தொடர்வதையும், அவரது குறை திருத்தப்பட்டிருப்பதையும் காணலாம். நேரில் சுவைத்தல், மீண்டும் மீண்டும் சோதித்தல், ஆண்டுதோறும் புதுப்பித்தல், உண்பவரின் சார்பில் எழுதுதல் ஆகியவை அவர் வகுத்தவை. வணிகரிடமிருந்து எதையும் பெறாதிருத்தல் என்பது அவரது அனுபவத்துக்குப் பின் வந்தோர் சேர்த்தது.

முதன்மைப் படைப்புகள்

இன்பம் குறித்த மெய்யியற் சிந்தனைகள் (1783)
லெ சான்செர் திராமத்தீக் – நாடக விமர்சன இதழ் (1797–1798)
அல்மனாக் தே கூர்மான் – எட்டுத் தொகுதிகள் (1803–1812)
மனுவேல் தே ஆம்ஃபித்ரியோன் (1808)